சில்லறை விஷயம்

எங்கள் கட்டடத்து லிஃப்ட்
காசு தின்னும்.
இருபது தெத்ரி போட்டால்தான் மேலே போகும்.
இறங்குவது இனாம்.
திபிலிசிக்கு வந்த புதிதில் வாங்கிய கோட்டு,
அதன் வலது பை
இந்தச் சில்லறை கனத்தே தொங்கிவிட்டது.

ஒன்பதாம் மாடி அவ்தாந்திலின் பையில்
கிலுக்கம் கிடையாது.
தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்பார்,
என்றோ வந்த மின்கட்டண ரசீதைப்
புதுக் கடிதம்போல் படித்துக்கொண்டு.
நான் காசை எடுப்பேன்.
ரசீது மடியும்.
"ஏழுதானே? எனக்கு வழி" என்று
எனக்கு முன்னால் நுழைவார்.
பொத்தான் இரண்டையும் அவரே அமுக்குவார்:
முதலில் ஒன்பது,
பிறகு ஏழு.

பதினொரு மாதம்.
செயற்கைப் பல் வார்க்கும் மேசையில்
ஒருநாள் கணக்குப் போட்டேன்:
நல்ல குடை ஒன்று வாங்கலாம்.
உடனே வெட்கமாயிருந்தது.
என்னிடம் குடை இருக்கிறது.

கேட்டுவிடு என்கிறான் லெவான்,
தலைக்குமேல் குதிக்கும் எட்டாம் மாடிப் பிள்ளைகளைப் பற்றி
ஆறு வருடமாய்க்
கேட்கப் போகிறவன்.

கண்ணாடிமுன் ஒத்திகை பார்த்தேன்.
'இன்றைக்கு உங்கள் முறை' (சிரித்தபடி.
சிரிப்பு பல்லில் ஒட்டவில்லை).
'என்னிடம் சில்லறை இல்லை'.
பொய். பை காட்டிக்கொடுத்துவிடும்.
'இருபது தெத்ரி பெரிதில்லை, ஆனால்...'
அந்த ஆனால்தான் அசிங்கம்.
அதற்குமேல் எதைச் சொன்னாலும்
சில்லறைப் புத்தி என்று பெயர்.
சொல்லாமல் விட்டாலோ
ஏழு மாடி உயரத்துக்கும்
அவர் பிடரியை வெறுத்தபடி போகவேண்டும்.
சவரக்கத்திக்குத் தப்பிய மூன்று நரைமுடி,
பாவம், அவை என்ன செய்தன எனக்கு?

இல்லாதவரா என்றால், இல்லை.
புத்தாண்டுக்கு மாடி மாடியாய் ஏறி
எல்லார் வீட்டுக்கும் கோசினாக்கி கொடுத்தார்.
தேன், முழு வால்நட், கஞ்சத்தனமே இல்லை.
இரண்டு துண்டு தின்றேன்.
அதை எந்தப் பத்தியில் எழுத?

நேற்று மழை.
உள்ளே போனோம். கதவு மூடியது.
நான் காசு போடவில்லை.

கைக்குள் காசு வெந்தது.
தகரத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன்:
நான்கு பேர், முந்நூற்றிருபது கிலோ.
அவர் தன் காலணிகளைப் படித்தார்.
உண்டியல் வாய்
எங்கள் இருவருக்கும் நடுவில்
திறந்தே இருந்தது.
யாரோ இருமினோம்.

திடீரென்று பெட்டி உயர்ந்தது.
காசில்லாமல்!
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்,
அற்புதம் கண்டவர்களாக அல்ல,
அகப்பட்டவர்களாக.

நாலாம் மாடி.
மஞ்சள் மழைச்சட்டை போட்ட நாயோடு ம்ஸியா.
அவள் அழைத்த அழைப்புக்குத்தான் வந்திருக்கிறோம்.
"மேலேயா, கீழேயா?"

"கீழே" என்றோம்
இருவரும்
ஒரே மூச்சில்,
தலை சொட்டச் சொட்ட.

நாய்க்கு மட்டும் சந்தேகம்.
என்னை முகர்ந்தது, அவரை முகர்ந்தது,
மறுபடி என்னை.

தெருவில் அவர் இடதுபக்கம், ரொட்டிக் கடைக்கு.
நான் வலதுபக்கம், எதற்கென்று தெரியாமல்.
தேவையில்லாத மெழுகுவத்தி ஒரு கட்டு வாங்கினேன்.
குடையை வீட்டில் விட்டிருந்தேன்.

திரும்பியபோது
தபால் பெட்டியருகே யாருமில்லை.
லிஃப்டுக்குள் சூட்டு ரொட்டி வாசம்,
தரையில் ஒரு பொருக்கு.
போயிருக்கிறார், மேலே.
யார் காசில்?

ரொட்டிக்கடையில் மீதி கொடுத்திருப்பார்களோ,
ஆறாம் மாடிக்காரன் வந்து மாட்டினானோ.
உண்டியலை உற்றுப் பார்த்தேன்.
அது யாரைக் காட்டிக்கொடுத்தது இதுவரை?

என் காசைப் போட்டேன்.
விரல் தானாகப் போய்
முதலில் ஒன்பதை அமுக்கியது,
பிறகு ஏழை.

ஏழில் நான் இறங்க,
விளக்கெரிய, வெறும் பெட்டி
அவர் மாடிக்குப் போயிற்று.